ஏகமனதாக எழுந்து நின்ற கூட்டம்

ஒரு காரியத்தை மாற்றுவதற்கு முன்னால் ஜனங்களின் கருத்தைக் கேட்கிறார்கள் என்றால், அந்தக் கருத்து அவர்களுக்குத் தேவைப்படுகிறது என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வயதில் இதைவிடப் பெரிய அபத்தங்களையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தேன். மீசை அடர்த்தியாக இருந்தால் பெண் கொடுத்துவிடுவார்கள் என்றுகூட நம்பினேன். (மீசை இருந்தது. பெண் கொடுக்கவில்லை. அந்தக் கதையும் இதற்குள்ளேயேதான் வருகிறது.)

அறுபதுகளின் நடுப்பகுதி. செஞ்சியில் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நலச் சங்கம் நடத்திவந்தார்கள். பெயர் வேண்டாம். சங்கம் இன்று இல்லை. பெரிய மனிதர்களின் பேரன்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளக் கட்டடம். அதில் நான் குமாஸ்தா. கடிதம் எழுதுவது, பெஞ்சு துடைப்பது, செயலாளர் தும்மினால் ஜன்னலைச் சாத்துவது எல்லாம் சேர்ந்த உத்தியோகம்.

அந்தச் சங்கம் செய்த உருப்படியான காரியம் ஒன்றே ஒன்று. வியாழக்கிழமைதோறும் ஒரு மனநோய் டாக்டர் திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். மாலைவரை நோயாளிகளைப் பார்ப்பார். ஒரு வாரத்துக்கான மாத்திரையை இலவசமாகக் கொடுப்பார். ஊர்ப் பேச்சில் அந்த வைத்தியத்துக்கே 'வியாழக்கிழமை' என்று பெயர் விழுந்துவிட்டது. "அவங்க வூட்ல வியாழக்கெழம போறாங்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், விஷயம் புரிந்துவிடும். வருகிறவர்களும் சும்மா வரமாட்டார்கள். கையில் ஒரு காலி எண்ணெய்த் தூக்கு இருக்கும். வழியில் யாராவது பார்த்துவிட்டால், "எண்ணெ வாங்க வந்தேன்" என்று சொல்லிவிடலாமே! வியாழக்கிழமை எங்கள் வாசலைப் பார்த்தால் வட்டாரமே எண்ணெய்க்கு அலைகிறதோ என்று தோன்றும்.

அந்த வரிசையில் என் அண்ணன் துரைக்கண்ணுவும் நிற்பார்.

என்னைவிட எட்டு வயது மூத்தவர். மூன்று வருஷங்களுக்கு முன்னால் அவர் செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையோடு பேச ஆரம்பித்திருந்தார். மலையோடு பேசுவதில் தப்பில்லை. மலை பதில் சொல்ல ஆரம்பித்ததுதான் சிக்கல். ராத்தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று, போட்டிருந்த சட்டை போயிற்று. நைனா காலமாகிவிட்டிருந்தார். அம்மா கிராமத்தில் அழுதுகொண்டே இருந்தாள். வியாழக்கிழமை மாத்திரை ஆரம்பித்து ஏழெட்டு மாதத்தில் மலை வாயை மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அண்ணன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வடை மாஸ்டர். கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டார். அவர் போடும் வடைக்காக ஆரணி பஸ் டிரைவர் இரண்டு நிமிஷம் கூடுதலாக வண்டியை நிறுத்துவார். அண்ணனுக்கு அது ஒரு பதக்கம் மாதிரி.

இதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண், அரிசி மண்டி கோதண்டபாணியின் இரண்டாவது மகள். கோதண்டபாணி பஜாரில் முக்கியப் புள்ளி; எங்கள் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். அண்ணன் விஷயம் அவர் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதில் நான் வெகு சாமர்த்தியமாக இருந்தேன். வியாழக்கிழமைச் சீட்டில் அண்ணனின் தகப்பனார் பெயரை எழுதும்போது ஒரே ஒரு எழுத்தை மாற்றி எழுதுவேன். எங்கள் நைனா செத்த பிறகு வேறொருவரானார். அண்ணன் பார்த்தார், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். (செஞ்சி பஜாரில் காலையில் யாராவது இருமினால் மத்தியானத்துக்குள் எல்லாக் கடையிலும் கஷாயம் சொல்லுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் ரகசியம் வைத்திருந்தேன் என்று நம்பினேன். அடர்த்தியான மீசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.)

இந்த நேரத்தில்தான் செயலாளர் சபாபதிக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர் வாராவாரம் வர வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முகாம் போட்டால் போதும். மிச்சமாகும் நிதியில் ஒரு மைக் செட் வாங்கி, கிராமம் கிராமமாக மனநோய் பற்றிப் பிரசாரம் செய்யலாம். சபாபதிக்கு மைக் என்றால் உயிர். கல்யாண வீட்டில் மைக் சும்மா இருந்தால்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

ஆனால் நிதி கொடுத்தது மெட்ராஸில் இருந்த ஒரு தர்ம ஸ்தாபனம். அவர்கள் பதில் எழுதினார்கள்: 'பயன் பெறுவோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் கூட்டி, கருத்தைக் கேட்டு, கையொப்பத்துடன் பதிவு செய்து அனுப்பினால் நிதி மாற்றம் பரிசீலிக்கப்படும்.'

"ஏகாம்பரம், ஜனங்களக் கேக்கணுமாம். கேட்டுடுவோம்" என்றார் சபாபதி.

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா சார்?"

"யாரு?"

"ஜனங்க சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நீ நாள் மட்டும் பாருப்பா. எல்லாரும் ஒழிவா இருக்கற நாளா பாரு."

நான் மூளையைப் போட்டுக் கசக்கினேன். எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று ஏர் கட்ட மாட்டார்கள். மாட்டுக்கு ஓய்வு, மனிதனுக்கும் ஓய்வு. அன்று வைத்தால் விவசாயக் குடும்பங்கள் ஒன்று பாக்கியில்லாமல் வந்துவிடும் அல்லவா? "அமாவாசை, மத்தியானம் மூணு மணி சார்" என்றேன். சபாபதி காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு புன்னகை மெதுவாகப் பரவியது.

"பிரமாதமான நாள்பா" என்றார். "இதவிட நல்ல நாள் கெடைக்காது."

பாராட்டு என்று நினைத்து அன்று ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

அண்ணனிடம் சொன்னபோது அவர் மாவில் கையை வைத்தபடியே கேட்டார். "என்னையும் கேப்பாங்களா?"

"எல்லாரையும் கேப்பாங்கண்ணே."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வடைச்சட்டி முன்னால் ஒத்திகைதான். "ஐயா, மாத்திரைன்றது இந்தச் சட்டில இருக்கற எண்ணெ மாதிரி. கொறைய கொறைய ஊத்திக்கினே இருக்கணும். ஒரேடியா ஊத்திட்டு மூணு மாசம் போயிட்டா நடுவுல காஞ்சி அடுப்பு பத்திக்கும். இத நான் படிச்சி சொல்லல, பட்டு சொல்றன்." ஒவ்வொரு ஈடு வடைக்கும் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். டீக்கடைக்காரர்கூடத் தலையாட்டினார்.

நான் மட்டும் தலையாட்டவில்லை. கூட்டத்துக்குத் தலைமை கோதண்டபாணி. அண்ணன் எழுந்து நின்று 'பட்டு சொல்றன்' என்றால் என் கல்யாணமும் அந்த அடுப்பில்தான் போகும். முதல் நாள் சாயங்காலம் போய் நைச்சியமாகச் சொன்னேன். "அண்ணே, நீ வேலய விட்டுட்டு வர வேணாம். நீ சொல்றத அப்படியே நான் எழுந்து சொல்றேன். ஒரு எழுத்து மாறாது."

"எண்ணெ கதயச் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"பட்டு சொல்றன்னும் சொல்லணும்."

"சொல்றேன்ணே."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சரிடா ஏகா. நீதான் படிச்சவன். நீ சொன்னா கேப்பாங்க."

அமாவாசை. மணி மூன்று. கூடத்தில் பெஞ்சுகள், மேஜை மேல் பச்சைத் துணி, தலைவர் நாற்காலியில் கோதண்டபாணி, பக்கத்தில் சபாபதி. எதிரே ஒரே ஒரு ஆள். தளவானூரிலிருந்து வந்திருந்த பச்சையம்மாள். அவள் புருஷனுக்குத்தான் வியாழக்கிழமை. மற்றபடி ஈ, காக்கை இல்லை.

"இன்னா தம்பி, ஒருத்தரயும் காணோம்?" என்றார் வருங்கால மாமனார். "இவ்ளோதானா உன் செல்வாக்கு?"

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. ஹாரன், உடுக்கை, குழந்தை அழுகை, கண்டக்டர்களின் கூப்பாடு: "மேல்மலையனூர், மேல்மலையனூர், ஸ்பெஷல், ஸ்பெஷல்!"

அமாவாசை என்றால் மேல்மலையனூர். அங்காளம்மன் சன்னதி. செஞ்சியில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். அதுவும் மனசு சரியில்லாதவர்கள் இருக்கும் வீடு என்றால், மற்ற நாள் எங்கே போனாலும் அமாவாசையன்று அங்கேதான். வியாழக்கிழமை டாக்டர், அமாவாசைக்கு அம்மன், இரண்டையும் விடமாட்டார்கள். என் கூட்டத்துக்கு வர வேண்டிய அத்தனை குடும்பமும் நான் பொறுக்கி எடுத்த அந்த நாளில் நூறு கஜ தூரத்தில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தது. சபாபதியின் புன்னகைக்கு அப்போதுதான் எனக்குப் பொழிப்புரை கிடைத்தது.

"போய் ஆளக் கூட்டிக்கினு வாப்பா" என்றார் சபாபதி, நிதானமாக. "முப்பது பேராவது வேணும். டீ, வடை உண்டுன்னு சொல்லு. வரவர வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வாங்கிடு. பக்கத்தோட மேல் பாதிய மட்டும் காலியா வுடு."

(மேல் பாதி எதற்கு என்று நான் கேட்கவில்லை. சங்கத்தின் பெயரைப் பூப்போட்டு எழுதுவதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.)

ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் தலைகள். வேட்டி காலில் தடுக்க, வியர்வை மீசையில் சொட்ட, கண்ணை ஓட்டினேன். இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது. ஆனால் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் கூட்டத்தில் வியாழக்கிழமைக் குடும்பங்கள் ஏழெட்டு எனக்குத் தெரிந்தன. மகளின் கையை முந்தானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்ற தாய். தனக்குத்தானே சிரிக்கும் மகனுக்கு விசிறிக்கொண்டிருந்த கிழவர். ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்து வந்திருப்பார்கள். கிழவர் என்னைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கினார். எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? 'இவங்க வந்தா, கோதண்டபாணி எதிர்லயே அண்ணன் எப்படி இருக்காருன்னு விசாரிப்பாங்களே!'

முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

அடுத்த வரிசையில் வந்தவாசியிலிருந்தும் ஆரணியிலிருந்தும் பஸ் மாற வந்தவர்கள் காத்திருந்தார்கள். செஞ்சிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. நிழல் இருக்குது, டீ இருக்குது, வடை இருக்குது. வாங்க, வாங்க!" கண்டக்டரைவிட நன்றாகவே கூவினேன். முப்பத்தைந்து பேர் கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் பதிவேடு, மை அட்டை. ஒரு பெரியவர் கட்டை விரலை நீட்டிக்கொண்டே கேட்டார். "இது பஸ் டோக்கனா தம்பி?"

"வந்ததுக்கு அடையாளம்தாங்க."

"அப்ப டோக்கன்தான்" என்று பின்னால் நின்றவர்களிடம் அறிவித்துவிட்டார். அவ்வளவுதான், தள்ளுமுள்ளு. ஒரு அம்மாள் ஊரில் விட்டுவந்த நாத்தனாருக்கும் சேர்த்து இரண்டு ரேகை வைத்தாள். சங்கத்தின் வரலாற்றில் அவ்வளவு ஆர்வமாக மக்கள் பங்கெடுத்ததில்லை.

சபாபதி பேசினார். மைக் இல்லாத குறையைத் தொண்டையால் தீர்த்தார். விஞ்ஞானம், விழிப்புணர்வு, வாரம் ஒரு முறை என்பது வீண் செலவு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது நவீனம். ஜனங்கள் வடை வரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாராவது கருத்து சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, யாரும் சொல்லமாட்டார்கள் என்ற தைரியத்தில் உட்காரப்போனார்.

பச்சையம்மாள் எழுந்தாள்.

"ஐயா, எம் வூட்டுக்காரர சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தன். வெக்கத்த வுட்டு சொல்றன். இந்த மாத்திர தின்ன அப்புறம் அவுத்து வுட்டன். இப்ப அந்தச் சங்கிலியில மாட்டக் கட்டியிருக்கன். வாரம் ஒருக்கா வந்தாதான், தின்னாரா தின்னலியான்னு டாக்டரு கேப்பாரு, கேட்டாதான் அவரும் பயந்துக்கினு திம்பாரு. மூணு மாசத்துக்கு ஒருக்கான்னா நான் மறுபடியும் மாட்ட அவுத்துட்டு மனுசனக் கட்டணுமா?"

வந்தவாசிக்காரர் ஒருவர், "அது நாயந்தானே?" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். சபாபதிக்கு முகம் மாறியது. இந்தச் சமயத்தில் நான் எழுந்து எண்ணெய்க் கதையைச் சொல்லியிருந்தால்? நான் பேனாவுக்கு மை இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் தம்பி குந்திக்கினே கீற? நீ சொல்லு. உங்க அண்ணனும் எங்க கூடத்தான வரிசல நிக்கறாரு? அவருக்கு எப்படி இருந்திச்சி, இப்ப எப்படி இருக்குதுன்னு சொல்லேன்!"

கோதண்டபாணி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

செஞ்சிக் கோட்டையே பெயர்ந்து வந்து மேஜைமேல் உட்கார்ந்ததுபோல இருந்தது. எழுந்தேன். என் குரல், யாரோ மிதித்த எலி போல வந்தது.

"யாரச் சொல்றீங்க? எனக்கு அண்ணனே கெடையாது."

சொல்லி முடித்துவிட்டு வாசலைப் பார்த்தேன். ஓலைக்கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்காரர் வடையை அவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். கூட்டம் என்பதால் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

பச்சையம்மாள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணன் வரிசையாக மந்தாரை இலையில் வடை வைத்துக்கொண்டே வந்தார். கோதண்டபாணிக்கு இரண்டு, சபாபதிக்கு இரண்டு. என்னிடம் வந்தார். குனிந்து, வெகு மரியாதையாகக் கேட்டார்.

"சார், சட்னி போடட்டுங்களா?"

வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணன் என்னை 'சார்' என்றார். நான் தலையாட்டினேன். சட்னி போட்டார். கூடை காலியானதும் போகவில்லை. சுவரோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒரு எழுத்து மாறாது' என்று நான் சொன்னதற்காகக் காத்திருந்தார்.

"யாருப்பா அது, வடை கொண்டாந்தவரா? அவரும் கையெழுத்து போட்டுட்டுப் போகட்டும்" என்றார் சபாபதி. "ஒரு ஆள் கூடுதலா இருந்தா நல்லதுதானே?"

பதிவேட்டை நீட்டினேன். அண்ணன் எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினார். கூடவே நைனா பெயரையும் எழுதினார். சரியான எழுத்தோடு.

அந்த நிமிஷம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு நீண்ட ஹாரன். "மேல்மலையனூர் ஸ்பெஷல், ரெண்டாவது வண்டி!" முப்பத்தைந்து பேரும் ஒரே ஆள்போல எழுந்தார்கள். பெஞ்சு சாய்ந்தது, டீ டம்ளர் உருண்டது. டோக்கன் எங்கே என்று நாத்தனாருக்குச் சேர்த்து ரேகை வைத்த அம்மாள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அரை நிமிஷத்தில் கூடம் காலி.

சபாபதி, சாய்ந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எழுதிக்கோ. கூட்டத்திற்கு வந்திருந்தோர் அனைவரும் எழுந்து நின்று, ஏகமனதாக ஆதரவு தெரிவித்தனர்."

"சார், அவங்க பஸ்ஸுக்கு..."

"எழுந்து நின்னாங்களா இல்லியா?"

நின்றார்கள்தான்.

"ஏ சாமி, இருங்க" என்றாள் பச்சையம்மாள். கூடத்தில் அவளும் சுவரோரத்தில் அண்ணனும்தான் மிச்சம். "நான் எழுந்து நிக்கல. வந்ததுக்கு அடையாளம்னு சொல்லித்தான என் ரேகைய வாங்கன? நான் ஒத்துக்கினதா எவன் எழுதறது? என் ரேகையத் திருப்பிக் குடு."

"வச்ச ரேகையத் திருப்பிக் குடுக்கற வழக்கம் இல்லம்மா" என்றார் சபாபதி, கனிவாக. "வடை சாப்ட்டியா?"

அவள் இலையை அப்படியே தரையில் வைத்தாள். அதில் வடை தொடப்படாமல் இருந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்றும் ஒரு எண்ணெய்த் தூக்கோடுதான் வந்திருந்தாள், பாவம்.

அண்ணன் கூடையை எடுத்துக்கொண்டார். "நான் வரேன் சார்" என்றார்.

சாயங்காலம் சபாபதி சொல்லச் சொல்ல, அந்தக் காலி மேல் பாதியில் தீர்மானத்தை நான் எழுதினேன். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன். அழகாக வந்திருந்தது.

கல்யாணம்? நாலாம் நாள் மண்டிக்குக் கூப்பிட்டனுப்பினார் கோதண்டபாணி. மூட்டைமேல் உட்காரச் சொன்னார். "தம்பி, துரைக்கண்ணு விஷயம் ஊருக்கே தெரியும். எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சிதான் பேச ஒத்துக்கினேன். பைத்தியம் புடிச்ச அண்ணன கூட இருந்து தேத்திட்டான், கெட்டிக்காரப் பையன்னு நெனச்சேன்."

நான் உற்சாகமாக நிமிர்ந்தேன்.

"ஆனா கூடப் பொறந்தவன கண்ணெதிர்ல வச்சிக்கினே இல்லன்னுட்டியே! நாளைக்கு மண்டி நொடிச்சிப் போச்சின்னா மாமனாரே கெடையாதுன்னுவ. வேற எடம் பாத்துக்க."

இந்த நியாயத்தை அவர் கூட்டத்திலும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். சங்கத் தலைவர் என்ற முறையில் தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது. மூட்டையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

மெட்ராஸ்காரர்கள் எங்கள் பதிவைப் பார்த்துப் பாராட்டுக் கடிதம் எழுதினார்கள். மக்களை இவ்வளவு சிறப்பாகக் கலந்தாலோசித்த சங்கத்தை அவர்கள் பார்த்ததில்லையாம். மைக் செட் வந்தது. இரண்டு கிராமத்தில் சபாபதி பேசினார். பிறகு அதை பஸ் ஸ்டாண்டுக்கு வாடகைக்கு விட்டார்கள். அமாவாசைதோறும் அதில்தான் 'மேல்மலையனூர் ஸ்பெஷல்' என்று அறிவித்தார்கள். குரல் கணீரென்று கேட்கும்.

டாக்டர் வராத முதல் வியாழக்கிழமை, ஒன்பது பேர் எண்ணெய்த் தூக்கோடு மாலைவரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது ஆள் அண்ணன். முகாமுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. அங்கங்கே மிச்சம் பிடித்து வைத்திருந்த மாத்திரையை அவர் பாதிப் பாதியாக உடைத்துத் தின்றார், பிறகு காலாக. ஐந்தாவது வாரம், அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, கரண்டியை வைத்துவிட்டு மலையைப் பார்த்து நடந்துவிட்டார். ராஜகிரிப் படியில் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். தொண்டை கட்டியிருந்தது, இரண்டு நாளும் பேசியிருக்கிறார். ஆளில்லாத கடையில் சட்டி பற்றிக்கொண்டு கூரையில் ஒரு பக்கம் போயிருந்தது. எண்ணெய்க் கதையில் ஒரு எழுத்து மாறவில்லை.

மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் இருந்தார். மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். போனதும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு என்னை அறிமுகம் செய்துவைப்பார். "இவரு சாரு. செஞ்சியிலருந்து வராரு. எனக்கு ஒறவெல்லாம் ஒண்ணும் கெடையாது. நல்ல மனுசன், வடை வாங்கிக்கினு வருவாரு." நர்ஸுகளும் நம்பி, ஒவ்வொரு தடவையும் என்னிடம், 'இவருக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லியா?' என்று கேட்பார்கள்.

இப்போது என்னோடுதான் இருக்கிறார். கை நடுங்குகிறது, வடை தட்ட வருவதில்லை. இன்னும் 'சார்'தான். அப்புறம் எனக்கு வாய்த்த மனைவி (மீசையைப் பார்க்காமல் வந்தவள்) இந்தக் கதையைக் குடும்பச் சொத்தாக்கிவிட்டாள். வீட்டில் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டு நான் பேருக்கு யோசனை கேட்டால், "வடை எங்க?" என்பாள். பிள்ளைகள் உடனே எழுந்து நிற்பார்கள், ஏகமனதாக. அண்ணனும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார். எல்லோரும் சிரிப்போம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

சங்கத்தை மூடியபோது வேண்டாத காகிதங்களோடு அந்தப் பதிவேடும் என் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் கடைசிக் கையெழுத்து என் அண்ணனுடையது. ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறது. மேல் பாதியில் இருக்கும் எழுத்து முழுவதும் என்னுடையது.